விளக்கமா, தெளிவுரையா? ஆங்கிலக் கடிதங்களில் உதவி சொல்லும் முறை

நம் துறைக்குள் ஓடும் கோப்புகள் தமிழில்தான் இருக்கின்றன. செயல்முறைகள், சுற்றறிக்கை, ந.க. எண், பொருள், பார்வை என்று அந்த நடை நமக்குக் கைவந்த நடை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் தேவை நம்மில் பலருக்கு எப்போதாவதுதான் வரும். வரும்போது அது பெரும்பாலும் ஒரு பிள்ளைக்காக வரும். பிற மாநிலத்திலிருந்து வந்த மாணவனின் மாற்றுச் சான்றிதழில் ஒரு குழப்பம் இருக்கும். நம்மிடம் படித்துப் போன மாணவி வெளிமாநிலக் கல்லூரியில் சேர்ந்திருப்பாள். அந்தக் கல்லூரி உண்மைத்தன்மைச் சான்று கேட்கும். அல்லது ஒரு நிறுவனம் பள்ளிக்குக் கணினி தர முன்வந்து விவரம் கேட்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு நாம் யாரென்று தெரியாது. அவர் கையில் இருப்பது நம் கடிதம் ஒன்றுதான்.

இலக்கணப் பிழையே இல்லாத கடிதம்கூட அந்த இடத்தில் முகத்தில் அடித்தாற்போல் அமைந்துவிடுவதுண்டு. உதவி கேட்பது, உதவ முன்வருவது, தெளிவு கேட்பது, தெளிவு தருவது ஆகிய நான்கு இடங்களில்தான் இது அதிகம் நடக்கிறது. இந்தக் கட்டுரையில் ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தொனி கண்ணைவிடக் காதுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும்.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பின்னலாடை வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவன் எட்டாம் வகுப்பில் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய சான்றிதழில் பிறந்த ஆண்டு எண்ணில் 2011 என்றும் எழுத்தில் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு என்றும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ அவனைச் சேர்க்க மறுக்க முடியாது. ஆகவே சேர்ந்துவிடுவான். ஆனால் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில் ஏதாவது ஒரு தேதிதான் ஏறும். அது மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால், பிறகு திருத்துவதற்குத் தினக்கூலி வாங்கும் அந்தத் தந்தை எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். எனவே இப்போதே பழைய பள்ளிக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

வழக்கமாக என்ன எழுதுவோம்? "தேர் இஸ் எ மிஸ்டேக் இன் யுவர் சர்டிஃபிகேட். கைண்ட்லி கிவ் யுவர் எக்ஸ்ப்ளனேஷன் அண்ட் டூ தி நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்." இரண்டே வாக்கியங்கள். கைண்ட்லி என்ற மரியாதைச் சொல்லும் இருக்கிறது. எழுதியவர் மனத்தில் கடுமை எதுவும் இல்லை. ஆனாலும் ஒடிசாவின் சிற்றூர்ப் பள்ளியில் இதைப் பிரிக்கும் தலைமையாசிரியர், தன்மேல் புகார் ஏதோ எழுந்துவிட்டது என்றே நினைப்பார்.

காரணம் எக்ஸ்ப்ளனேஷன் என்ற ஒரு சொல். தமிழில் விளக்கம் என்பது இரண்டு வேலை செய்கிறது. வகுப்பில் பாடத்துக்கு விளக்கம் தருகிறோம். அதே சொல்லைக் கொண்டுதான் அலுவலகத்தில் விளக்கம் கோருகிறார்கள். 17(அ), 17(ஆ) என்ற எண்களைக் கேட்டதும் ஓர் அரசு ஊழியருக்கு வயிற்றில் என்ன செய்யும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியா முழுவதும் அலுவலக ஆங்கிலத்தில் யுவர் எக்ஸ்ப்ளனேஷன் என்றால் உங்கள் செயலுக்குக் காரணம் சொல்லுங்கள் என்றே பொருள்படும். நமக்கு வேண்டியது காரணம் இல்லை. எது சரியான ஆண்டு என்ற தகவல் மட்டும்தான். அதற்கு உரிய சொல் க்ளாரிஃபிகேஷன். அரசாணை ஒன்றில் ஐயம் வந்தால் மேலிடத்திலிருந்து நாம் கேட்டுப் பெறுவதைத் தெளிவுரை என்கிறோமே, அதுதான் இது. விளக்கத்தையும் தெளிவுரையையும் தமிழில் நாம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தப் பிரிவைக் கூடவே எடுத்துச் செல்ல மறந்துவிடுகிறோம்.

டவுட் என்பதும் இப்படித்தான். வகுப்பில் எழுந்து நின்று "சார், ஒரு சந்தேகம்" என்று கேட்கும் மாணவன் யாரையும் சந்தேகப்படுவதில்லை. கேள்வி என்பதற்கு அங்கே சந்தேகம் என்று பெயர், அவ்வளவுதான். அதையே ஆங்கிலமாக்கி "ஐ ஹாவ் எ டவுட்" என்கிறோம். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் "ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் சர்டிஃபிகேட்" என்று எழுத்தில் போனால், உங்கள் சான்றிதழ் உண்மையானதா என்று ஐயுறுகிறேன் என்று அது பேசும். ஒரு பிள்ளையின் சான்றிதழ் விஷயத்தில் அந்தப் பொருள் தற்செயலாகக்கூட நுழையக் கூடாது. "ஐ ஹாவ் எ க்வெஸ்டின் அபவுட்" என்றால் போதும். கேள்வி கேள்வியாகவே நிற்கும்.

அந்தக் கடிதத்தை நான் இப்படி எழுதுவேன். "வீ ஹாவ் அட்மிட்டட் எ பாய் ஃப்ரம் யுவர் ஸ்கூல். ஆன் ஹிஸ் சர்டிஃபிகேட் தி இயர் ஆஃப் பர்த் இஸ் 2011 இன் ஃபிகர்ஸ், பட் டூ தவுசண்ட் ட்வெல்வ் இன் வேர்ட்ஸ். குட் யூ ப்ளீஸ் டெல் அஸ் விச் இயர் இஸ் கிவன் இன் யுவர் அட்மிஷன் ரெஜிஸ்டர்? ஐ ஹாவ் அட்டாச்ட் எ காப்பி ஆஃப் தி சர்டிஃபிகேட். இஃப் இட் வுட் ஹெல்ப், ஐ கேன் ஆல்சோ சென்ட் தி ஃபாதர்ஸ் ஃபோன் நம்பர்." தந்தையின் எண்ணைத் தருமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நம் கடமை.

இதில் மிஸ்டேக் என்ற சொல் கிடையாது. சான்றிதழில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். பிழை என்பதை அவரே பார்த்துக்கொள்வார். சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள் என்று இடத்தையும் காட்டிவிட்டோம். அவர் செய்ய வேண்டியது அலமாரியைத் திறந்து ஒரு வரியைப் படிப்பது மட்டும்தான். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஒடியாவில் யோசிப்பவருக்குத் தமிழில் யோசிப்பவர் எழுதும் ஆங்கிலம் எளிதாக இருப்பதே முதல் மரியாதை.

நீட்ஃபுல் என்னும் பழைய நண்பர்

டூ தி நீட்ஃபுல் என்பதைக் கேலி செய்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது நாம் உருவாக்கிய தொடரும் இல்லை. ஆங்கிலேயர் தங்கள் கடிதங்களில் எழுதி வந்தது. அவர்கள் நாட்டில் வழக்கொழிந்தது, நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. "தங்கள் மேலான பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும்" என்று தமிழில் முடிக்கிறோமே, அதன் ஆங்கில உடன்பிறப்பு என்று சொல்லலாம். அதன் குறை வயது இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாமல் விடுகிறது, அதுதான் குறை. தேவையானதைச் செய்யுங்கள் என்றால், எது தேவை? ஒரே அலுவலகத்தின் இரண்டு மேசைகளுக்கு இடையே இது ஓடும். அடுத்தவருக்கு நடைமுறை தெரியும். முன்பின் அறியாதவருக்கு எழுதும்போது அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகிக்க வைப்பது வேலை வாங்குவதுதான்.

ரிவர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. "கைண்ட்லி ரிவர்ட்" என்றால் பதில் எழுதுங்கள் என்று நாம் புரிந்துகொள்கிறோம். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் அந்தச் சொல்லை அறிவார். ரிப்ளை என்ற சிறிய சொல் இருக்கும்போது இந்தச் சிக்கல் எதற்கு?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களின் கடிதங்கள் மக்களுக்குப் புரியவில்லை என்ற நிலையில், அந்நாட்டு நிதித்துறை கேட்டுக்கொண்டதற்கு இணங்க சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி 1948இல் ப்ளெய்ன் வேர்ட்ஸ் என்னும் சிறுநூலை எழுதினார். ஆங்கிலம் பிறந்த மண்ணிலேயே அலுவலக ஆங்கிலத்துக்கு வைத்தியம் தேவைப்பட்டிருக்கிறது.

வினைச்சொல்லில் இல்லாத மரியாதை

தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. தா, தாருங்கள், தர இயலுமா, தந்துதவ வேண்டுகிறேன் என்று வினையின் வாலை மாற்றினாலே ஏற்ற இறக்கம் எல்லாம் வந்துவிடும். ஆங்கிலத்தில் சென்ட் என்றால் கடைநிலை ஊழியருக்கும் சென்ட்தான், தலைமைச் செயலருக்கும் சென்ட்தான். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் இல்லை. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் நாம் கைண்ட்லியைச் சேர்க்கிறோம். ஆனால் "கைண்ட்லி சென்ட்" என்பது இன்னும் ஏவல் வாக்கியம்தான். ஆங்கிலம் பேசும் நாடுகளில் சிலருக்கு அது கண்டிப்பான அறிவிப்புப் பலகையைப் போலவும் ஒலிக்கும்.

ஆங்கிலம் தன் மரியாதையை வேறு இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. ஒன்று, கட்டளையைக் கேள்வியாக்குவது. மற்றொன்று, நிகழ்காலத்தை இறந்தகால வடிவத்துக்கு நகர்த்துவது. கேன் என்பது குட் ஆகும். வில் என்பது வுட் ஆகும். "குட் யூ ப்ளீஸ் சென்ட்" என்பதில் உள்ள குட் நடந்து முடிந்த எதையும் குறிக்கவில்லை. எதிரில் இருப்பவரைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிறது, அவ்வளவுதான். "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்" என்பது இன்னும் ஓர் அடி தள்ளி நிற்கும். இது நமக்குப் புதிதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு "ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேங்க" என்கிறோம். கேட்பது இப்போதுதான், சொல்வது வந்தேன் என்று. காலத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அழுத்தம் குறையும் என்பதை இரண்டு மொழிகளும் கண்டுபிடித்திருக்கின்றன.

இதை மொழியியலில் ஆழமாகப் பார்த்தவர்கள் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவர். 1978இல் முதலில் வெளியாகி 1987இல் தனி நூலாக வந்த அவர்களுடைய ஆய்வு, மரியாதைப் பேச்சு பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இன்றும் தொட்டுச் செல்லும் ஆய்வு. அவர்கள் சான்றுக்கு முதன்மையாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் செல்ட்டால், மூன்றாவதாக நம் தமிழ். அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சுத் தமிழ். அவர்கள் மையமாக வைத்த கருத்து முகம். முகம் கொடுத்துப் பேசுவது, முகம் கோணாமல் அனுப்புவது என்று நாம் சொல்வதோடு இது நன்றாகவே பொருந்துகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு விருப்பங்கள் உண்டு என்றார்கள்: பிறர் என்னை மதிக்க வேண்டும்; யாரும் என்மேல் எதையும் திணிக்கக் கூடாது. வேலை கேட்பது இரண்டாவது விருப்பத்தை உரசுகிறது. உதவ முன்வருவதோ சில சமயம் இரண்டையுமே உரசிவிடும். இதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

உதவ முன்வரும்போது

எமிஸ் பதிவில் திணறும் மூத்த ஆசிரியரிடம் இளையவர் ஒருவர் "நான் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? நல்ல எண்ணம்தான். ஆனால் பெரியவருக்குச் சுருக்கென்று இருக்கும். "டூ யூ நீட் ஹெல்ப்?" என்பதும் அந்த ரகம். உனக்கு முடியவில்லையா என்ற கேள்வி அதன் அடியில் கிடக்கிறது. "வுட் இட் ஹெல்ப் இஃப் ஐ செண்ட் யூ தி ஃபில்ட் ஃபார்ம் அஸ் எ சாம்பிள்?" என்பது வேறு மாதிரி. இங்கே பேச்சு அவருடைய திறமையைப் பற்றியதாக இல்லை. நான் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைப் பற்றியது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் உதவ முன்வருவதற்கு ஒரே ஒரு தொடரைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடித முடிவில் எல்லோரும் எழுதும் "ப்ளீஸ் டூ நாட் ஹெசிடேட் டு கான்டாக்ட் மீ" என்பதற்கு வருவோம். நம்முடைய "தயங்காமல் கேளுங்கள்" இதுதான். நல்ல தொடர். ஆனால் தேய்ந்துபோன தொடர். அச்சடித்த உறையைப் போல எல்லாக் கடிதத்திலும் இருப்பதால் படிப்பவர் கண் அதன்மேல் நிற்பதே இல்லை. அதற்கு உயிர் வேண்டுமானால் யாரை, எப்போது, எதற்காக என்பதில் ஒன்றையாவது சேர்க்க வேண்டும். பள்ளித் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க வகுப்பில் இருந்தால் அந்த அழைப்பை யார் எடுப்பார்கள்? "ஐ அம் ஃப்ரீ டு டேக் கால்ஸ் ஆஃப்டர் ஃபோர் தேர்ட்டி ஆன் வொர்க்கிங் டேஸ்" என்ற ஒரு வரி, பத்து ஹெசிடேட்டுகளுக்குச் சமம்.

இதைவிட எளிய வடிவம் "ப்ளீஸ் லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங் எல்ஸ்." பழகியவர்களுக்கும் ஒத்த நிலையில் உள்ளவர்களுக்கும் இது போதும். "ஃபீல் ஃப்ரீ டு கால் மீ" இன்னும் நெருக்கமானது. மேலதிகாரிக்கு எழுதும்போது அதைத் தவிர்ப்பது நல்லது. அழைப்பதற்கு அவருக்கு நாம் அனுமதி தருவது போல ஆகிவிடும். "ஐ வுட் பி க்ளாட் டு சென்ட் எனி ஃபர்தர் டீட்டெய்ல்ஸ்" என்றால் யாருக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். "ஷுட் யூ நீட் எனி ஃபர்தர் இன்ஃபர்மேஷன், ஐ வுட் பி ஹேப்பி டு சென்ட் இட்." ஷுட் என்றால் வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் படித்தால், உங்களுக்குத் தகவல் தேவைப்பட வேண்டும் என்று விபரீதமாகப் பொருள் வரும். இங்கே ஷுட் வாக்கியத்தின் முதலில் வந்து இஃப் என்பதன் வேலையைச் செய்கிறது. தேவைப்பட்டால் என்பதில் உள்ள ஆல் விகுதிதான் இது. வெறும் இஃப் போட்டாலும் தவறில்லை. ஷுட் சற்று முறையான தொனி. ஆனால் இரண்டையும் கலந்து "ஷுட் இஃப் யூ நீட்" என்று எழுதக் கூடாது.

ஒரு நிறுவனம், நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தின் வழியாகவோ வேறு வகையிலோ, கணினி தர முன்வந்து அறை எப்படி இருக்கிறது என்று கேட்கிறது என்று வையுங்கள். "வீ ஆர் ரெடி டு கிவ் ஆல் கோஆப்பரேஷன்" என்று எழுதுவது வழக்கம். அதில் ஒத்துழைப்பு எதுவும் இல்லை, அறிவிப்பு மட்டுமே இருக்கிறது. "தி ரூம் ஹாஸ் சிக்ஸ் பவர் பாய்ன்ட்ஸ் பட் நோ இன்டர்நெட் கனெக்‌ஷன் யெட். ஐ கேன் சென்ட் ஃபோட்டோக்ராஃப்ஸ் திஸ் வீக், ஆர் யூ ஆர் வெல்கம் டு விசிட் பிட்வீன் டென் அண்ட் த்ரீ ஆன் எனி வொர்க்கிங் டே." இல்லாததைச் சொல்லிவிட்டோம், இரண்டு வழிகளையும் திறந்து வைத்துவிட்டோம். எது வசதி என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். செய்ய முடியாததை ஒருபோதும் வாக்களிக்க வேண்டாம். "எனிடைம்" என்று எழுதிவிட்டு முழு ஆண்டுத் தேர்வு நாளில் அவர்கள் வந்து நின்றால் சங்கடம் நமக்குத்தான்.

எதிரில் இருப்பவர் தவறாகப் புரிந்துகொண்டால்

மிகவும் கவனம் வேண்டிய இடம் இது. நாம் தெளிவாகத்தான் எழுதியிருப்போம். அவர் அவசரத்தில் படித்துவிட்டு அதையே மறுபடி கேட்பார். கை தானாக "அஸ் ஆல்ரெடி இன்ஃபார்ம்டு" என்று தொடங்கும். ஏற்கெனவே சொன்னேனே, படிக்கவில்லையா என்ற எரிச்சல் அதில் வெளிப்படையாகவே தெரியும். "ஃபார் யுவர் கைண்ட் இன்ஃபர்மேஷன்" அதைவிட மோசம். கைண்ட் என்ற சொல்லை வைத்துக்கொண்டே சண்டைக்கு நிற்கும் தொடர் அது. "யூ ஹாவ் மிஸ்அண்டர்ஸ்டுட் மை லெட்டர்" என்பது நேரடியாகவே குற்றச்சாட்டு.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: பழியைப் படித்தவர்மேல் போடாமல் கடிதத்தின்மேல் போடுவது. "ஐ அம் சாரி திஸ் வாஸ் நாட் க்ளியர் இன் மை லெட்டர். தி மார்க்ஸ் ஆர் அவுட் ஆஃப் சிக்ஸ் ஹண்ட்ரட், நாட் ஃபைவ் ஹண்ட்ரட்." அல்லது, மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு இல்லை என்றால், "டு க்ளாரிஃபை" என்று மட்டும் தொடங்கி நேராகச் செய்திக்குப் போய்விடலாம். பன்னிரண்டாம் வகுப்பின் 600 மதிப்பெண்ணை 500 என்று கணக்கிட்டு ஒரு மாணவியின் சதவீதத்தைக் கல்லூரி தவறாக எழுதிவிட்டது என்றால், யார் சரியாகப் படிக்கவில்லை என்பது முக்கியமா, கடைசித் தேதிக்குள் அந்தச் சதவீதம் திருத்தப்படுவது முக்கியமா?

ஒன்றை மறுக்க நேரும்போது "ஐ அம் அஃப்ரெய்ட்" உதவும். பயப்படுகிறேன் என்று மொழிபெயர்க்கக் கூடாது. வருத்தத்துடன் சொல்கிறேன் என்பதே அதன் பொருள். "ஐ அம் அஃப்ரெய்ட் வீ கேனாட் இஷ்யூ எ டூப்ளிகேட் ஹியர், பட் ஐ கேன் டெல் யூ விச் ஆஃபீஸ் டஸ்." மறுப்பும் உதவியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. முடியாது என்று சொல்லிவிட்டு எங்கே முடியும் என்பதைச் சொல்லாமல் விடும் கடிதம், எவ்வளவு பணிவாக இருந்தாலும் கதவைச் சாத்திய கடிதம்தான்.

முடிவு வாசகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் முறைப்படி டியர் சர், டியர் மேடம் என்று தொடங்கினால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி. பெயர் சொல்லித் தொடங்கினால் யுவர்ஸ் சின்சியர்லி. யுவர்ஸ் ஒபீடியன்ட்லியை மாணவர்களின் விடுப்பு விண்ணப்பத்தோடு விட்டுவிடலாம். ஓர் ஆசிரியர் ஒரு நிறுவன மேலாளருக்குக் கீழ்ப்படிய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பறையிலும் இதற்கு இடம் உண்டு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கடிதம் எழுதும் பயிற்சியில் தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு எழுதச் சொல்கிறோம். பிள்ளைகள் முகவரி, தேதி, சப்ஜெக்ட், தேங்கிங் யூ எல்லாவற்றையும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். அடுத்த முறை, தேங்கிங் யூ வருவதற்கு முன் ஒரே ஒரு வாக்கியம் சொந்தமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஆணையரின் ஆட்கள் வந்தால் உன்னால் என்ன உதவி செய்ய முடியும்? "ஐ வுட் பி க்ளாட் டு ஷோ யுவர் ஸ்டாஃப் தி போஸ்ட். இட் இஸ் தி ஃபோர்த் ஒன் ஃப்ரம் தி ரேஷன் ஷாப்" என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்தக் கடிதத்தை உண்மையிலேயே தபாலில் போட்டுவிடுங்கள்.